கரட்டு உச்சியில் கேட்ட சத்தம்

புரட்டாசி, சனி

புரட்டாசி என்று பேர்தான். வெயில் குறையவில்லை. நாளைக்கு மொட்டைக் கரடு ஏறணும், பக்கத்து வீட்டுக் கனகு அக்காவோடு. அவள் மகள் முத்துவுக்குத் தையில் கல்யாணம் முடிவாகிவிட்டது. கரட்டு உச்சியில் இருக்கும் வேலுக்கு எலுமிச்சம்பழம் குத்துவதாக நேர்த்திக்கடனாம். துணைக்கு நான்.

எடுக்க: தண்ணீர் 2 பாட்டில், புளிச்சோறு, துவையல், பழம். செருப்பு வார் தைக்கணும்.

இவருக்குச் சிரிப்பு. "அம்புட்டு ஒசரம் நீ ஏறுவியாக்கும்? பாதியில உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் போடாத. போனு கம்பெனி கேட்டுல கெடக்கும், உள்ள கொண்டுபோக விடமாட்டாக." பட்டாசுக்கு இப்போது சீசன். ஞாயிற்றுக்கிழமையும் இவரை ஏற்ற ஏழாயிரம்பண்ணை வேன் வருகிறது. முத்துவுக்கும் தாயில்பட்டிக் கம்பெனியில் வேலை உண்டு. கல்யாணப் பெண் ஒருநாள் வீட்டில் இருந்தால்தான் என்ன. கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும்.

ஞாயிறு

விடியும் முன்னே கிளம்பினோம். பாதி தூரம் ஆட்டுத்தடம், அப்புறம் வெறும் பாறை. கையும் காலுமாகத் தவழ்ந்துதான் ஏறணும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டோம். க. அக்காவுக்குச் சர்க்கரை, முட்டுவலி, ஆனாலும் வாய் ஓயவில்லை. "ஏட்டி ஜெயா, கீழ பாக்காத. பாறையப் பாரு, பாறை ஒன்ன ஒண்ணும் பண்ணாது." ஒரு இடுக்கில் கால் மாட்டி அழுகையே வந்துவிட்டது எனக்கு. கையைக் கொடுத்து இழுத்துவிட்டாள்.

உச்சியில் நல்ல காற்று. பழம் குத்தியாச்சு. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்தச் சத்தம். கிழக்கே. ஒரே ஒரு தடவை.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சத்தம் கேட்டால் புகையைத் தேடுவோம். ரெண்டு பேரும் எழுந்துவிட்டோம். தூரத்தில் ஒரு புகை. ஏழாயிரம்பண்ணையா, தாயில்பட்டியா? மேலே இருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே திசைதான்.

இவருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கேட்டில் கிடக்கிற போனை யார் எடுப்பார்? அக்கா முத்துவுக்குப் போட்டாள். அதுவும் அப்படியே.

அப்போது வாய்விட்டே சொல்லிவிட்டேன். "ஏழாயிரம்பண்ணையா இருக்கக் கூடாது சாமி. வேற எங்கனயாவது இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பது யார் என்று உறைத்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைக்கூட எடுக்காமல் இறங்க ஆரம்பித்தாள்.

எங்கே கால் வைத்து இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் முன்னால் இறங்கி, என் பாதத்தைப் பிடித்துப் பிடித்துப் பாறையில் வைத்தாள். "இங்கன வையி. ம், அடுத்த கால." திட்டியிருந்தால் தேவலை. பாவி நான்.

அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர் சொன்னார். "அதா? குவாரியில வெடி போட்டாக. பொகை கரிமூட்டத்துல இருந்து வருது, கருவேலங்கரி சுடுதாகல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இவர் கூப்பிட்டார். "என்ன, பாதியில உக்காந்துட்டியா?" முத்துவும் அக்காவிடம் பேசிவிட்டாள். வீடு வரை அக்கா முன்னால், நான் பின்னால்.

திங்கள்

தொடை, கெண்டைக்கால், எல்லாம் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கணும். நேற்று நடந்ததை இவரிடம் சொல்லவில்லை.

காலையில் குழாயடியில் அக்கா. முகம் பார்க்க முடியவில்லை. குடம் நிறைந்து வழிகிறது, நிற்கிறேன். எத்தனை நாள் ஒளிய முடியும். கேட்டுவிட்டேன். "அக்கா, நேத்து நான் சொன்னத மனசுல வச்சுக்கிறாதீக."

குழாயை மூடினாள்.

"நீ வேற எங்கனயாவதுன்னுதான சாமிகிட்ட கேட்ட. நான் ஏழாயிரம்பண்ணையா இருக்கட்டும்னு பேரச் சொல்லியே கேட்டேன். ஒனக்குக் கேக்கல, அம்புட்டுத்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்றுதான் நினைத்தேன். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். வேன் வருகிற நேரம், முத்துவுக்குச் சோறு கட்டணும் என்று வேகமாகப் போனாள். இவருக்கும் கட்டணும்.