பச்சைக் கரை கீழே

அக்கா,

உன் புடவை என் பெட்டிமேல் கிடக்கிறது. சும்மாவும் கிடக்கவில்லை. அந்துருண்டை வாசனையும் சாமைக் கஞ்சி வாசனையும் சேர்ந்து வீடு முழுக்க அடிக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் கொண்டுவந்தாள். "சித்தி, அம்மா இத உங்க கையிலதான் குடுக்கச் சொல்லுச்சு" என்று வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். எனக்கு எதற்கு இது? எந்தப் புடவையைக் கண்டால் முப்பது வருஷமாக என் வயிறு எரிகிறது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தனுப்பியிருக்கிறாய். போன பிறகும் என்னைச் சீண்டாமல் உன்னால் இருக்க முடியவில்லை.

அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்கு வந்தோம். உனக்கு இருந்த கஷ்டம்தான் எனக்கும் இருந்தது. உன்னைப் பார்த்தால் மட்டும் அது தெரியாது. அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

எப்படித்தான் செய்தாயோ! கருப்பு ஜாக்கெட் ஒன்று இருந்தால் எல்லாப் புடவைக்கும் சேரும் என்று கண்டுபிடித்தவள் நீ. "கிழிசல் கொசுவத்துக்குள்ள போய்ட்டா அது கிழிசலே இல்லடி" என்பாய். பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டம் போட்டு, பாயில் விரித்துத் தேய்த்துத் தேய்த்து, பழைய நூல் புடவையைப் பலகை மாதிரி ஆக்குவாய். மலையில் ஜீப் நிற்கும் இடம் வரைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாய். ஓடையில் கால் கழுவி, அதன் பிறகுதான் செருப்பு. ஜீப்காரர் உன்னைப் பார்த்ததும், "டீச்சரம்மா, நீங்க முன்னாடி ஒக்காருங்க" என்பார். என்னைப் பின்னால் பலாப்பழத்தோடு ஏற்றுவார். நீயும் ஒரு நாளாவது நான் டீச்சர் இல்லை என்று சொன்னாயா? கண்ணை ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டு முன்னால் ஏறிக்கொள்வாய்.

இந்தப் புடவையும் உன் யோசனைதான். துணிமூட்டைக்காரர் மேலே வந்தபோது சந்தன நிறத்தில் ஒன்றை உருவினாய். ஒரு கரை சிவப்பு, இன்னொரு கரை பச்சை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி நெய்த நூல் புடவை. "இத பாருடி. இது ஒரு புடவ இல்ல, ரெண்டு" என்றாய். அந்த வருஷத்துப் புளி விற்ற காசில் நீ பாதி, நான் பாதி போட்டு வாங்கினோம். நீ கட்டும்போது சிவப்புக் கரை கீழே வரவேண்டும். நான் கட்டும்போது திருப்பி, பச்சைக் கரை கீழே. ஆளுக்கு ஒரு புடவை இருப்பதாக ஊரே நம்பியது. ஒரு விசேஷத்துக்கும் நாம் சேர்ந்து வருவதில்லை என்பதைப் பார்த்துவிட்டு, "ஓரகத்திங்க ரெண்டு பேருக்கும் ஆவாது போலக்கீது" என்று பேசிக்கொண்டார்கள். நாம் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தோம். அப்போது நமக்குள் ஆகத்தான் செய்தது.

அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குச் சமைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. இருப்பது ஒரே வேலை. எழுதிப் போட்டது நாம் இரண்டு பேரும். "யாருக்குக் கெடச்சா இன்னா? நம்ம வூட்டுக்குத்தான" என்றாய். உனக்கு அது வெறும் வேலை. எனக்கு அப்படி இல்லை. சாமை அறுப்பு முடிந்ததும் என் வீட்டுக்காரர் கர்நாடகத்துக் காபித் தோட்டத்துக்குப் போனால் உழவுக்குத்தான் திரும்புவார். சின்னவன் அவரைப் பார்த்து யாரோ என்று என் பின்னால் ஒளிந்துகொள்வான். எனக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்துவிட்டால் அவர் போக வேண்டியதில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் இன்டர்வியூ என்று கார்டு வந்தது. புடவையை யார் கட்டுவது? சாயங்காலம் நீயே வந்தாய்.

"ரெண்டு பேரும் கட்டலாம்டி."

"ஒரே புடவைக்குள்ள ரெண்டு பேரா? கோணிப்பையா அது?"

"நீ நாலாம் நம்பரா, நானு நாலாம் நம்பரா?"

"நீதான் நாலு. நானு பதினொண்ணு."

"அப்பறம் இன்னா? நா போய்ட்டு வந்து அவுத்துக் குடுக்குறேன். நீ திருப்பிக் கட்டிக்கினு போ. சிவப்பு போவும், பச்ச வரும். எவளுக்குத் தெரியும்?"

நானும் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபீஸுக்குப் பின்னால் பாதிக் கதவு போட்ட கக்கூஸ். நான் பழைய புடவையோடு அங்கேயே நின்றேன். நீ உள்ளே போய் என்ன பேசினாயோ, வாசலில் நின்றவர்களிடம் எல்லாம் வாயாடிவிட்டு, பல்லெல்லாம் தெரிய வந்தாய். கக்கூஸுக்குள் நுழைந்து, உள்பாவாடையோடு நின்று, புடவையை மடித்து என் கையில் திணித்தாய். "சீக்கிரம்டி. பத்தாம் நம்பரு போய்க்கீறா. பச்ச, பச்ச" என்றாய். கையில் பச்சைக் கரை இருந்தது. கையில் இருக்கிற கரையை எந்தப் பெண்பிள்ளையும் என்ன செய்வாள்? இடுப்பில்தான் செருகுவாள். நானும் செருகினேன். கொசுவம் வைத்தேன். என் பேரைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். கீழே குனிந்து பார்க்கவில்லை.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மேடம் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். என் முகத்தை அவர் எங்கே பார்த்தார்? புடவையைப் பார்த்தார், கருப்பு ஜாக்கெட்டைப் பார்த்தார். அந்தக் கருப்பு ஜாக்கெட்டும் நீ சொல்லி நான் தைத்ததுதானே.

"ஏம்மா, நீதான் வந்துட்டுப் போய்ட்டியே? ஒரு தடவ வந்தா போதும்மா" என்றார்.

குனிந்தேன். என் காலைச் சுற்றிச் சிவப்புக் கரை.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்தார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வேறே ஆள் என்று கார்டைக் காட்டினேன். மேடம் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "சரிம்மா, அம்பது பிள்ளைங்களுக்குச் சாம்பார் வைக்க எவ்ளோ பருப்பு போடுவ?" என்றுதான் கேட்டார். கல்யாணத்துக்கு ஊருக்கே குழம்பு வைத்தவள் நான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

வேலை உனக்குக் கிடைத்தது.

ஜீப்பில் ஆரம்பித்த சண்டை அது. "பச்சையக் கையில குடுத்தேன், கீழ வுடுன்னுதான குடுத்தேன்" என்றாய். "கையில குடுத்தா இடுப்புலதான செருவுவாங்க" என்றேன். "பச்ச பச்சன்னு சொன்னேனே!" "பச்சன்னா மேலயா கீழயான்னு சொன்னியா?" ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முன்சீட்டில் டீச்சரம்மா உட்காராத ஒரே நாள் அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பதினாலு தடவை காபித் தோட்டத்துக்குப் போனார். நீ முதல் சம்பளத்தில் எனக்கென்று தனியாக ஒரு புடவை எடுத்து வந்தாய். வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். நம் புடவையில் என் பாதியையும் நீயே வைத்துக்கொள் என்று சொன்னேன். நீயும் கூச்சமில்லாமல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதையே கட்டிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். அடுப்புப் புகையில் நிற்கப் போகிறவளுக்குக் கஞ்சி போட்ட புடவை! பெருக்குகிற சாக்கில் நான் துடைப்பத்தைத் தட்டுவேன். "தூசி படுதுடி, பாத்துப் பெருக்கு" என்பாய். உனக்கு மானமும் இல்லை, ரோஷமும் இல்லை.

பத்து நாள் அந்தப் புடவையைத் தொடவில்லை. நேற்று மத்தியானம் வாசனை தாங்காமல், வெயிலில் போடலாம் என்று உதறினேன். சிவப்புக் கரை கரையாகவே இல்லை. மிதிபட்டு, நைந்து, நூல் நூலாகத் தொங்குகிறது. மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறாய். பச்சைக் கரை மட்டும் மூட்டையில் இருந்து உருவின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஜாக்கெட் வெளுத்தால் பிரித்து உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தவள் நீ. தலையணை உறையைக்கூடத் திருப்பிப் போட்டவள். இதை மட்டும் ஏன் திருப்பிக் கட்டவில்லை? உன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நானும் கேட்டேன் சித்தி. அந்தப் பக்கம் உன் சித்தியோடது, அவ கேட்டா குடுக்கணும்னு சொல்லுச்சு."

நான் கேட்டால்தானே? நான் கேட்கமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? புடவைக்குக் காட்டின மரியாதையை எனக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

சொன்னாய். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே, "நாந்தான் மாத்திக் குடுத்தேன்னு வெச்சுக்கோடி" என்றாய்.

"வெச்சுக்கோன்னா இன்னா அர்த்தம்? மாத்திக் குடுத்தியா, இல்லியா?"

"வெச்சுக்கோ."

"ஒழுங்கா சொல்லு."

"தலையச் சீவி வுடு. டாக்டரு வர்ற நேரம். இப்புடியே பாத்தா இன்னா நெனைப்பாரு?"

சீவிவிட்டேன். கையில் வந்த முடியை உனக்குக் காட்டாமல் முந்தியில் முடிந்துகொண்டேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

வெச்சுக்கோ என்றாய். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. யார் கேட்டாலும், "அவதான் மாத்திக் குடுத்தா, அவளே ஒத்துக்கினா" என்றுதான் சொல்கிறேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இல்லடி, நீதான் மாத்திக் கட்டின என்று எதிரே நின்று சொல்வதற்கு ஒருத்தியும் இல்லை. முப்பது வருஷம் ஏறின குரல் இப்போது பாதியிலேயே இறங்கிவிடுகிறது. அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது.