மஞ்சள் சீட்டு போட்ட நாற்காலி

புதன், 11
காலையிலேயே புழுக்கம். திருமுடிவாக்கம் கம்பெனி வரை வழியெல்லாம் லாரி நெரிசல். 400 பிராக்கெட் சோதித்தேன், 12 கழிவு.
அக்கா கதை எழுதியிருக்கிறாள். ஞாயிறு இரும்புலியூர் வாசகர் வட்டத்தில் வாசிக்கணுமாம், முதல்முறை. கணக்கு டீச்சருக்கு எதற்கு இது? படித்துவிட்டு உண்மையைச் சொல் என்றாள். உண்மை எனக்கு நன்றாக வரும்.

வியாழன், 12
கதையில் கால் வெடித்த பிளாஸ்டிக் நாற்காலி. கட்டுக்கம்பி சுற்றி ஒரு கிழவர் உட்காருகிறார். கடைசிவரை உடையவில்லை. தப்பு. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக், 80 கிலோ ஆள். பின்கால் ஒரு வாரம் தாங்காது. கதைத் தாளில் கம்பெனியின் சிவப்புச் சீட்டு ஒட்டினேன்: நிராகரிப்பு. காரணம்: பின்கால். தீர்வு: ஸ்டீல் ஸ்டூல்.
மனுஷன் எவ்வளவு லேசா உடைவான்னு சொல்லத்தான்டா நாற்காலி என்றாள். மனுஷனையே எழுதலாமே என்றேன். ஞாயிறு போகப்போவதில்லையாம். ரசத்தில் உப்பில்லை. வேண்டுமென்றேதான்.
பி.கு.: குளியலறையில் விழுந்ததிலிருந்து அப்பா சுவரைப் பிடித்தே நடக்கிறார். ஹால் முழுக்கக் கை அழுக்கு. பெயின்ட் வாங்கணும்.

வெள்ளி, 13
கதையில் வருவது அப்பா உட்காரும் எங்கள் வராந்தா நாற்காலியேதான். அதே கம்பி. தெருமுனைப் பழைய சாமான் கடையில் போட்டேன். ஸ்டூல் வாங்கியாச்சு.

சனி, 14
மேகமூட்டம். அப்பா ஸ்டூலில் உட்காரவே இல்லை. காலை முழுக்க நின்றார். பிறகு ஆளைக் காணோம்.
மதில் மதிலாகப் பிடித்துத் தெருமுனைக்குப் போயிருக்கிறார். கடை வாசலில், அந்த நாற்காலியில், கையில் டீ. கடைக்கார அண்ணன்: "இன்னா தம்பி, பெரியவரு எழுந்துக்கவே மாட்டேன்றாரு. இவரையும் சேத்து எடை போடவா?"
அப்பா சிரிக்கவில்லை. "கால் வளைஞ்சா தூக்கிப் போட்டுடுவியாடா?"
சுவரில் இருந்த கை அழுக்குதான் ஞாபகம் வந்தது.
ஒரு கையில் நாற்காலி, மறு கையில் அப்பா. இவ்வளவு இறுக்கிப் பிடிப்பார் என்று தெரியாது.
சிவப்பைக் கிழித்தேன். கம்பெனியில் மஞ்சள் சீட்டும் உண்டு: குறையோடு ஏற்கப்பட்டது. உரியவர் கையெழுத்து போட்டால்தான் செல்லும். கதையில் ஒட்டி அக்கா மேஜையில் வைத்தேன்.
பெயின்ட் வேண்டாம். ஹால் சுவருக்குக் கைப்பிடிக் கம்பி வாங்கணும், 3 மீ.

ஞாயிறு, 15
வெயில். சீட்டில் அக்கா கையெழுத்து. கீழே, "கிளம்புடா".
ஷேர் ஆட்டோவில் மூன்று பேர், ஒரு நாற்காலி. அப்பா வேறெதிலும் உட்காரமாட்டாராம். என் மடியில் அது.
அக்கா முதல் பக்கத்தை அவசரமாக வாசித்தாள், பிறகு சரியாகிவிட்டாள். நான் முழு நேரமும் தரையில், அப்பாவுக்குப் பின்னால், பின்காலைப் பிடித்தபடி. உடையவில்லை.
கதையிலும் யாரோ பிடித்திருக்க வேண்டும். அதை எழுத மறந்திருக்கிறாள். சொல்லணும்.