தயிர் கலந்த இறால் வடை

நாச்சம்மா,

இன்று நான் பொரித்த இறால் வடையின் வாசனைக்குப் பாலக்காட்டு பஸ்ஸே நம் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிவந்து இரண்டாம் தட்டு கேட்டார். இதை நம்ப வேண்டாம், மீதியெல்லாம் நிஜம்.

நேற்று உன் தம்பி ஆறுச்சாமி முன்னால், "இறாலத் தின்னுபோட்டுத் தயிர் ஊத்தாதீங்க, உங்க உடம்புக்கு ஆகாதுங்க, தடிச்சுப்போகும்" என்று சட்டியை நகர்த்தினாய். "வந்துட்டாங்கடா வைத்தியரம்மா!" என்று நான் சிரித்தேன். நீ சாப்பிடாமலே எழுந்துபோனாய். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

உன்னைத் தோற்கடிக்கவே, இன்று நீ வயலுக்குப் போனதும் மாவில் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். ஒன்பது வடை தின்றேன். இப்போது உதடு பூசணிக்காய். முதுகில் சித்தூர் தாலுகா வரைபடம்போலத் தடித்திருக்கிறது. வைத்தியரிடம் போகிறேன். நீ வரும்வரை காத்திருக்கலாம்தான். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

சாவி ஆட்டுரலுக்குப் பின்னால். கூடைக்கடியில் இருக்கும் வடை உனக்கு. அதில் தயிர் இல்லை. செரிக்க இஞ்சியும் மிளகும் போட்டிருக்கிறேன். நேற்றைய பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிடு.

பி.கு. மத்தியானம் ஆறுச்சாமி வந்தால் இந்தச் சீட்டை அவனிடமும் கொடு. அவன் முன்னால்தானே கேலி செய்தேன்? நீ சொன்னபடியே நடந்துவிட்டது என்று என் கையெழுத்திலேயே படிக்கட்டும்.