நடுப்பக்கத்து ஆடு

22.1.91, செவ்வாய்
ஆண்டு மலருக்கு மாணவர் ஆசிரியர் நான்தானாம். பிளஸ் ஒன்னில் வேறு யாருக்கும் கையெழுத்து சரியில்லை என்றார் சரோஜா டீச்சர். காரணம் எதுவானால் என்ன? போன வருடம் என் சிரிப்புத் துணுக்கு வந்தது. துணுக்குகளைப் பொருளடக்கத்தில் போடும் வழக்கமில்லை. அப்பா பொருளடக்கத்தில் விரல் வைத்துத் தேடிவிட்டு, "உம் பேரு எங்கம்மா கீது?" என்று கேட்டார். இந்த முறை முழுக் கட்டுரை. பொருளடக்கத்தில் ஜோதி என்று வந்தே தீரவேண்டும்.

25.1.91
அட்டைப்படம் முடிவாகிவிட்டது. அதாவது, பழையதேதான். திறந்த புத்தகம், அதன்மேல் குத்துவிளக்கு, பின்னால் சூரியன். யார் வீட்டில் புத்தகத்தின் மேல் விளக்கு வைக்கிறார்கள்? எண்ணெய் சிந்தாதா? சூரியன்தான் வந்துவிட்டதே, விளக்கு எதற்கு? கேட்டேன். "வாயாடாம ப்ரூஃபைப் பாருடீ" என்றார் டீச்சர்.

4.2.91
போர் மூண்டுவிட்டது! தாளாளர் கன்னியப்பன், பள்ளிக்கு இடம் கொடுத்தவர். பாண்டுரங்கன் சார், தலைமையாசிரியர். இருவருக்கும் வாழ்த்துரை உண்டு, போட்டோ உண்டு. இருவருக்கும் முதல் பக்கம்தான் வேண்டும்.

6.2.91
என் மூளையே மூளை. தமிழ்ப் பகுதி இந்தப் பக்கமிருந்து. மலரைத் தலைகீழாகத் திருப்பினால் அந்தப் பக்கமிருந்து இங்கிலீஷ் பகுதி. இரண்டு அட்டை, இரண்டு பொருளடக்கம், இரண்டு முதல் பக்கம். சார் தமிழில், தாளாளர் இங்கிலீஷில். தாளாளரின் இங்கிலீஷை எழுதப்போவது சரோஜா டீச்சர். என்னை முறைத்தார்.

19.2.91
இரு பகுதியும் முட்டிக்கொள்ளும் நடுவில் இரண்டு பக்கம் மிச்சம் என்று வாலாஜாபாத் அச்சகத்திலிருந்து சேதி. என் கட்டுரையை அங்கே தள்ளிவிட்டார்கள். தமிழ்ப்பக்கம் பார்த்து நிமிர்த்தினால் தாளாளர் கோபிப்பார். இங்கிலீஷ் பக்கம் பார்த்தால் சார் கோபிப்பார். ஆகவே குறுக்காக! காலண்டர் மாதிரி திருப்பித்தான் படிக்க வேண்டும்.

1.3.91
மலர் வந்தது. தமிழ்ப் பொருளடக்கத்தில் நான் இல்லை. திருப்பினேன். இங்கிலீஷிலும் இல்லை. இங்கிலீஷில் வந்துவிடும் என்று தமிழ்ப் பகுதியைப் பார்த்த தமிழ் ஐயா விட்டிருக்கிறார். தமிழில் வந்துவிடும் என்று டீச்சர் விட்டிருக்கிறார். குறுக்கே கிடப்பவளை யார் சேர்ப்பார்கள்? திருப்பிப் போடலாம் என்று சொன்னது எவ? நான்தானே! என் மூளையை அடுப்பில் போட. அப்பா வேற டீக்கடை முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு — எப்படிக் காட்டுவேன்? கழிவறைக்குள் போய் அழுதேன்.

2.3.91
மலர் இன்னும் வரவில்லை என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

3.3.91, ஞாயிறு
என் பையிலிருந்து மலரை எடுத்துக்கொண்டு அப்பா டீக்கடைக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். பெஞ்சில் வைத்தார். மலர் தானாக நடுவில் விரிந்துகொண்டது. தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்த இடம் அதுதானே! 'கம்பெனி பஸ் ஏறிய எங்கள் ஆடு — ஜோதி.' ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களோடு போய், செகண்ட் ஷிப்ட் பஸ்ஸில் இறங்கிய எங்கள் ஆடு. எங்கள் ஊர் ஒரகடமே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்துச் சிரித்தது.

"இன்னா நாகப்பா, மூடி மூடித் தொறந்தாலும் உன் வூட்டு ஆடுதான் வந்து நிக்குது!" என்றார் டீக்கடைக்காரர் அப்பாவிடம்.

"இந்தவாட்டி தேடவே வேணாம்மா" என்றார் அப்பா. இரண்டு நாள் அழுகையும் தண்டம்.

11.3.91
டீச்சர் கூப்பிட்டார். அடுத்த வருடம் தலைமையாசிரியருக்கு நடுப்பக்கம் வேண்டுமாம். தாளாளருக்கும் நடுப்பக்கமேதான் வேண்டுமாம்.

"மொதப் பக்கத்துக்கு ஆளில்ல ஜோதி. வேற ஏதாவது ஆட்டுக் கதை வச்சிருக்கியா?"

எருமை இருக்கு டீச்சர் என்றேன்.