கரடியை அவிழ்த்தவன் என் அண்ணன்

எங்கே இருந்தாலும் எனக்கு மூத்தவனாகவே இருக்கும் கோதண்டம் அண்ணாவுக்கு,

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தபோதே நாம் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லையே. இன்றைக்கு எழுதவைப்பது கோபம். இதைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நாலு பேர் படிக்கட்டும். உனக்கும் எனக்கும் ஊருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இது இருந்தது போதும்.

போன மாதம் தேவகி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தாள். நீ தோளில் தூக்கிப் போய்ப் பள்ளியில் சேர்த்தாயே என் மகள், இப்போது பத்தாவது படிக்கிறாள். பேப்பரில் உன் பழைய முதலாளியின் படம். பக்கத்திலேயே கரடியின் படம். காட்டு விலங்குகளுக்காக அவர் பாடுபட்டாராம், பட்டணத்தில் பாராட்டு விழாவாம். அவரே சொன்னதாகக் கீழே போட்டிருந்தது: ஒரகடம் பக்கத்தில் ஒரு குடிகாரன் கரடியைக் கட்டிவைத்து வெளிநாட்டுக்காரர்களிடம் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான், அவனிடமிருந்து அந்த வாயில்லா ஜீவனை நான்தான் மீட்டேன்.

அந்தக் குடிகாரன் நீதான், அண்ணா. கள்ளு வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற நீ.

தேவகி என் முகத்தைப் பார்த்து, "மாமாவா இது?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் இதில் எழுதத்தான் போகிறேன்.

படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கூலிக்குக் காவல் இருந்தவன். ஏரிக்கு வருகிற ஒவ்வொரு பறவையும் உனக்குத் தெரியும். ஒரு நாள் பட்டணத்துப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் டயர் பஞ்சராகிக் கரையில் நின்றார்கள். சும்மா நிற்கிறார்களே என்று அவர்களைக் கூட்டிப்போய்க் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மேய்கிற இடத்தைக் காட்டினாய். அவர்கள் போய்ச் சொல்ல, ஒரு டிராவல்ஸ் கம்பெனி முதலாளி உன்னைத் தேடிக்கொண்டு பென்னலூருக்கே காரில் வந்தார். கம்பெனி பேரை எழுதினேன், பத்திரிகைக்காரர் வெட்டச் சொல்லிவிட்டார். வெட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வேன் வரும். காலையில் ஏரி, வெயில் ஏறுவதற்குள் ஒரகடம் பக்கத்து முள்காடு. நரி, கீரி, உடும்பு, முயல், மயில். அதிர்ஷ்டம் இருந்தால் புள்ளிமான். நீ காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடப்பாய், முப்பது பேர் செருப்புச் சத்தம்கூட வராமல் உன் பின்னால் வருவார்கள். இன்றைக்கு இதைப் பார்க்கலாம் என்று நீ யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. "வந்தா பாக்கலாம். வரலன்னா அது இருக்கிற வூட்டயாவது பாத்துட்டு போலாம்" என்பாய். நரி வராத நாளில் நரி வளையின் வாசலில் கிடக்கும் நண்டு ஓட்டைக் காட்டி அரைமணி நேரம் பேசுவாய். உனக்குத் தெரிந்த பத்து இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்களையே தரையில் குந்தவைத்தவன் நீ.

வேனில் வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போடுகிற வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாய். புருஷனை இழந்து கைப்பிள்ளையோடு வந்து நின்றவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். இளநீர் விற்றவர்கள், வண்டி ஓட்டியவர்கள் என்று ஊரிலும் பத்து வீட்டில் அடுப்பு எரிந்தது.

பிறகுதான் முதலாளிக்குக் கரடி ஆசை வந்தது. நரியையும் முயலையும் பார்க்க யார் வருவார்கள், பட்டணத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் காட்டுக்கரடி என்றால் வேன் நிற்க இடம் இருக்காது என்றார். இந்தக் காட்டில் கரடி இல்லை என்று நீ சொன்னாய். அவர் சிரித்துக்கொண்டே, வரும் என்றார். அடுத்த வாரமே கரடிப் படம் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் பட்டப்பகலில் ஒரு லாரி வந்து நின்றது.

லாரியிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். ஊர் ஊராகக் கரடி வித்தை காட்டிப் பிழைத்தவர். இனி நடக்க முடியவில்லை என்று விற்றுவிட்டாராம். போகும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இது பேரு முன்னி. பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடும், அடிக்க வேணாம்" என்றார். அதன் மூக்கில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தது. முன்பல் ஒன்றும் இல்லை. கயிறு உரசி உரசி மூக்கில் புண், புண்ணில் ஈ.

குன்றுக்கு அடியில் பாறை இடுக்கில் கட்டினார்கள், கயிறு தெரியாமல் புதரை வெட்டிப் போட்டார்கள். ஆட்களை ஓடைக் கரையிலேயே நிறுத்திவிட வேண்டும், கிட்டே விடக் கூடாது என்று கம்பெனி மானேஜர் உத்தரவு. பாறைமேல் வெல்லம் கரைத்த கேழ்வரகுக் கூழைப் பூசிவைக்கிற வேலை என்னுடையது. முன்னி அதை நக்கும். பார்க்கிறவர்களுக்குக் காட்டில் மேய்கிற கரடி மாதிரி இருக்கும்.

ஐந்து ஞாயிறு இப்படி நடந்தது. ஐந்து ஞாயிறும் நீ முன்னால் நடந்தாய். ஆனால் ஒரு தடவைகூட உன் வாயால் காட்டுக்கரடி என்று சொல்லவில்லை. மானேஜர்தான் சொல்வார், நீ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. இந்த வேலையை விட்டுவிடலாமே என்று நான் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேவகிக்குப் புதுப் பாவாடை வாங்கியிருந்த நேரம் அது.

ஆறாவது ஞாயிறு. ஓடைக் கரையில் வந்து நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர் கரடியைக் கண்ட சந்தோஷத்தில் கைதட்டினார். பக்கத்திலிருந்தவர்களும் தட்டினார்கள். கூழை நக்கிக்கொண்டிருந்த முன்னி தலையைத் தூக்கியது. பின்னங்காலில் எழுந்து நின்றது. ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சலாம் வைத்தது. அப்புறம் சுற்றிச் சுற்றி ஆட ஆரம்பித்தது.

அதற்குத் தெரிந்தது அதுதானே அண்ணா? கைதட்டினால் ஆட வேண்டும், ஆடாவிட்டால் அடி விழும். கயிறு இழுத்த இழுப்பில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது, அது ஆடிக்கொண்டே இருந்தது. கூட்டம் சிரித்தது, இன்னும் பலமாகத் தட்டியது. கரடி இன்றைக்குக் குஷியாக இருக்கிறது என்று மானேஜர் இங்கிலீஷில் சொன்னார். நான் கூழ்ச் சட்டியோடு பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அங்கிருந்து உன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது.

நீ ஓடையில் இறங்கி நடந்தாய். கிட்டே போகாதே என்று மானேஜர் கத்தினார். பெண்கள் அலறினார்கள். நீ போய் அதன் முன்னால் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாய். அது நாலு காலில் இறங்கி உன் கையை மோந்தது. புதரை விலக்கி முடிச்சை அவிழ்த்தாய். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாய்.

"இது காட்டுக் கரடி இல்ல. தெருவுல வித்த காட்டின கரடி. மூக்க குத்தி, பல்ல புடுங்கி, இங்க கொண்டாந்து கட்டிகீறாங்க. நம்பலன்னா கிட்ட வந்து பாருங்க. இத்தினி நாளா வாய மூடிகினு இருந்தது என் தப்பு."

ஒருவரும் கிட்டே வரவில்லை. உன்னைப் பாராட்டவும் இல்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று மானேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அன்றிரவு முன்னியை நம் வீட்டிலேயே வைத்திருந்து, மறுநாள் விடிந்ததும் அதைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பினாய். பல் இல்லாததைக் காட்டில் விட்டால் செத்துப்போகும், மிருகக்காட்சிசாலையில் டாக்டர் இருப்பார் என்றாய். எந்த லாரிக்காரன் கரடியை ஏற்றுவான்? நடந்தே போனாய். பென்னலூர் கூட்டு ரோடு வரைக்கும் நானும் வந்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. முன்னி உன் வேட்டியை உரசிக்கொண்டு நாய்க்குட்டி மாதிரி நடந்தது.

பட்டணம் போய்ச் சேரவில்லை நீ. வழியிலேயே போலீஸ் பிடித்தது. கம்பெனிச் சொத்தைத் திருடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்திருந்தார். மூன்று நாள் உன்னை உள்ளே வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளில் அவர் முன்னியை வேனில் ஏற்றிப்போய், போட்டோக்காரரையும் கூட்டிப்போய், மிருகக்காட்சிசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். பேப்பரில் வந்த படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

கேஸ் நிற்கவில்லை. திருடன் என்ற பேர் நின்றுவிட்டது. ஏரிக் காவல் வேலை போனது. அதைவிட ஊர் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. வேன் வருவது நின்றதும், "உன்னாலதான் எங்க பொழப்பு போச்சு" என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். டீக்கடையில் நீ போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்களில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அந்தக் கயிறு தெரியும், அண்ணா. தெரிந்துதானே இளநீர் விற்றார்கள்?

வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினாய். இரண்டு வருஷம். காமாலை வந்து பதினெட்டே நாளில் போய்விட்டாய். அந்தப் பதினெட்டு நாளும் முதலாளியைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னிக்கு மூக்குப் புண் ஆறியிருக்குமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாய். ஆறியிருக்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

பாராட்டு விழாவுக்குத் தேவகியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். முதலில் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். முன்னி இல்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டதாம். தீனி வைக்கிறவர் நல்ல மனுஷர். புண் ஆறிவிட்டது, நன்றாகத்தான் சாப்பிட்டது என்றார். ஒன்றே ஒன்று, கூப்பிட்டால் திரும்பாதாம். வேறு ஏதோ பேர் வைத்திருந்தார்கள். அதன் பேர் முன்னி என்று நான் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியவன் லாக்கப்பில் அல்லவா இருந்தான்.

மண்டபத்தில் முதலாளிக்கு மாலை போட்டு, அவர் மைக்கைப் பிடித்துக் குடிகாரன் கதையை ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றேன்.

"நான் கோதண்டத்தோட தங்கச்சி. அந்தக் கரடி உங்க லாரில வந்துச்சி. கூழ் பூசினவ நானு. எங்கண்ணன் குடிச்சத நீங்க எங்க பாத்தீங்க, சொல்லுங்க."

அவர் கோபப்படவே இல்லை. பாவம், அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தில் பேசுகிறாள் என்று மைக்கிலேயே சொன்னார். இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, கையில் ஒரு கலர் சோடா பாட்டிலைக் கொடுத்தார்கள். அதை அப்படியே படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா பின்னாலேயே வந்தார். ஏதோ பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாம். "அன்னைக்கு அந்த வேன்ல நானும் இருந்தேன்மா. உங்க அண்ணன் கிட்ட வந்து பாருங்கன்னு கூப்பிட்டாரு. நான் போகல. காசத் திருப்பிக் கேட்டவங்கள்ல நானும் ஒருத்தி" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பரவாயில்லைம்மா என்று நான் சொல்லவில்லை. பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்களா என்றுதான் கேட்டேன். மறுவாரமே தபாலில் வந்துவிட்டது. அதைக் காட்டிய பிறகுதான் பத்திரிகைக்காரர் இந்தக் கடிதத்தைப் போடச் சம்மதித்தார்.

கூழ் பூசியதை மட்டும் எடுத்துவிடுங்களேன், உங்களுக்குத்தானே கெட்ட பேர் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அது இருக்கட்டும் என்றுவிட்டேன். தேவகி அன்றைக்குக் கேட்டபோது எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். உன் கதையைச் சொன்னால் என் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் இத்தனை வருஷம் உன்னைத் திருடனாகவும், இப்போது குடிகாரனாகவும் விட்டுவைத்தவள் நானும்தான்.

இந்த வருஷம் ஏரி நிறைந்திருக்கிறது, கூழைக்கடா கூட்டமாக வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாரோ சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறார்கள், பெரிய கம்பெனி வருமாம். வேலை கிடைக்கும் என்று ஊரில் ஒரே சந்தோஷம். எனக்கு என்னவோ, யார் காரில் வந்து இறங்கினாலும் பயமாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தான் சொன்னது பொய் என்று முதலாளி அதே பேப்பரில் எழுதும்வரை நான் விடப்போவதில்லை. திங்கட்கிழமை தோறும் அவர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவேன். போன திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். பொழுது சாயும்வரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கிளம்பும்போது வாட்ச்மேன் வந்து, நாளைக்கு ஐயா கேட்டால் சொல்ல வேண்டும், யார் வந்ததாகச் சொல்லட்டும் என்று கேட்டான்.

கோதண்டம் வந்தான்னு சொல்லு என்றேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை
பென்னலூர்