ஞாயிற்றுக்கிழமைப் பச்சை

8.2.2011 செவ்வாய்
வெயில். கடக்காத்து மண்ணை வாரி அடிக்குது. குளச்சல் பக்கம் மீன் ஏலக்கூட வேலை. புது மேக்கூரைக்கு அடியில நிக்கிற முட்டுக்கட்டையெல்லாம் வியாழன் பிரிக்கலாமான்னு நாளைக்கு இஞ்சினியர் நான் சொல்லணும். நாகர்கோவில்லேர்ந்து முதலாளி காலையிலேயே போன்: "கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சைதானே வே, பின்னே என்ன யோசனை?" அடுத்த சைட்டுக்கு முட்டு வேணுமாம்.

பச்சைதான். கான்கிரீட் இறுகத் தெனமும் தண்ணி விட்ட கணக்கு, நாளுக்கு ஒண்ணா நேத்து வரை பதினோரு கட்டம். பதினொண்ணும் பச்சை. எப்பிடிடே ஒரு நாள்கூடத் தப்பல?

வாங்க: பல்வலி மாத்திரை, டார்ச் பேட்டரி.

9 புதன்
பல்வலி அப்படியே. சும்மா பார்ப்போமேன்னு லாரி வரவு எழுதுற வாச்மேன் நோட்டைக் கட்டத்தோட வச்சுப் பார்த்தேன். இங்க போர்த்தண்ணி உப்பு, நல்ல தண்ணி லாரியிலதான் வரணும். லாரி வராத நாள் ரெண்டு. ரெண்டும் ஞாயிறு. கட்டம் மட்டும் பச்சை!

சூப்பர்வைசர் சூசையண்ணன்கிட்ட கேட்டேன். கூசவே இல்ல.

"ஞாயித்துக்கிழம கோயில்ல பூசை உண்டுல்லா சாரே. கடல்லயே ஒருத்தனும் எறங்கமாட்டான். இங்க யாரு வருவா?"

"பின்னே பச்சை?"

"வெறும் கட்டம் செவப்பாவுதே. ஆபீஸ்லேர்ந்து போன் போட்டு ஏசுதாவ. அதான் சனிக்கிழமயே ஞாயித்துக்கும் சேத்துப் பச்ச போட்டிருவேன்."

எளவு. வெறும் கட்டம் சிவப்பாகணும்னு வச்சதே நான்தான். ஏன்னு எழுத ஒரு இடம் விடல.

மேலே ஏறி, ஈரம் காக்கப் போட்ட சாக்கை விலக்கிப் பார்த்தேன். தெக்கு ஓரத்துல விரிசல். மெல்லிசு, ஆனா என் கை நீளம். இதுக்கு அடியிலதான் பொம்பளையள் மீன் கூடையோட உக்காரப் போறாவ. பயந்துட்டேன்.

முதலாளிகிட்ட சொன்னேன்: முட்டு பிரிக்கமாட்டேன், வெளி ஆள் வந்து சோதிக்கட்டும். செம ஏச்சு. "அப்ப கம்ப்யூட்டர் எதுக்குவே?" நல்ல கேள்வி.

12 சனி
சோதனை முடிஞ்சுது. தெக்கு ஓரம் பலம் கம்மி. முட்டு இன்னும் ரெண்டு வாரம் நிக்கணும், தண்ணி விடணும். வியாழனே பிரிச்சிருந்தா... வேண்டாம், எழுதல. முதலாளி "ம்"னு சொல்லிப் போனை வச்சாரு.

கட்டத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு இடம் போட்டேன்: 'ஏன்?'

சாயங்காலமே நாளைய கட்டம் சிவப்பு, அண்ணனே போட்டது! பக்கத்துல சூசையண்ணன்: 'ஆள் வராது. லாரிக்குச் சொல்லியாச்சு. பூச முடிஞ்சு நானே விடுவேன்.' சிரிச்சுட்டேன். பல்வலி தெரியல.

13 ஞாயிறு
கோயில் முடிஞ்சு நேரா சைட்டுக்கு. சூசையண்ணன் பூசை வேட்டியை மடிச்சுக் கட்டி ஹோஸும் கையுமா மேலே.

"பச்சையாக்கட்டா சாரே?"

"மொதல்ல நனையட்டும்ணே."