கேசரி சாப்பிட்ட பட்டினி

மல்லேஸ்வரம்,
பெங்களூர்,
14-8-1963

சிரஞ்சீவி தேசிகனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கடாக்ஷத்தில் இங்கே மூவரும் சௌக்கியம். எந்த அளவு சௌக்கியம் என்பதற்குத்தான் இந்தக் கடிதம், பதறாமல் கடைசிவரை படி.

பிலாயில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நீ காந்தாவை இங்கே விட்டுப் போன மறுவாரமே காக்ஸ் டவுனில் டாக்டர் கேத்தரினிடம் அழைத்துப் போனோம். போன பிரசவத்தில் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்து தவறிப்போனதைக் கேட்டதும் அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கர்ப்ப காலத்தில் சில பேருக்குச் சர்க்கரை வியாதி தலைகாட்டுமாம், அதனாலும் குழந்தை அப்படிப் பருக்குமாம். இரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று வெளிதேசத்தில் ஆராய்கிறார்களாம், இன்னும் தீர்மானமாகவில்லையாம். எதற்கும் இரத்தத்தைப் பார்த்துவிடலாம், காலையில் பட்டினியாக வாருங்கள் என்றார்.

பட்டினி என்றதும் உன் அம்மாவுக்குச் சிரிப்பு. ஒரு ஏகாதசி தவறாமல் இருக்கிறவளுக்கா பட்டினி சொல்லித்தர வேண்டும்? அன்று காந்தாவின் கண்ணில் ஒரு பருக்கை சாதம் காட்டவில்லை. நெய் சொட்டச் சொட்ட ரவா கேசரி, வாழைப்பழம், சர்க்கரை போட்ட பால், அவ்வளவுதான். துணைக்கு நானும் ஒரு கிண்ணம் பட்டினி கிடந்தேன்.

எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால் மேலே பாலாடை மாதிரி வெள்ளையாக மிதந்ததாம், சர்க்கரையும் எக்கச்சக்கமாம். டாக்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பி, இவளுக்கு என்ன கொழுப்பு கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். வனஸ்பதி கலக்கிறாயா என்று கேட்டதாக உன் அம்மா எடுத்துக்கொண்டாள். மறுநாளே நெய்ச் சம்புடத்தோடு பஸ் ஏறி, அத்தனை கர்ப்பிணிகள் நடுவில் டாக்டர் மூக்குக்கு நேரே திறந்து காட்டினாள். வெண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள் மாமி என்று அவர்கள் விசாரிக்க, அந்தப் பெருமையில் கேசரி விஷயம் தானாக வெளியே வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இரண்டாம் தடவைக்கு நானே சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைத்தாய்ச்சியை வெறும் வயிற்றோடு படி இறக்குகிற வீட்டில் எனக்கும் தண்ணீர் வேண்டாம் என்று உன் அம்மா நிஜப் பட்டினியாகவே வந்து, டாக்டர் வாசலில் சுருண்டு விழுந்தாள். காந்தாதான் தாங்கிப் பிடித்தாள். அந்த அமளியில் நர்ஸ் முதலில் உன் அம்மாவின் இரத்தத்தை எடுத்துவிட்டாள். அதில் ஒரு குறையும் இல்லையாம், நாலு நாளாக எதிர்வீடு வரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காந்தாவின் இரத்தத்தில் இந்தத் தடவை பாலாடை இல்லை. சர்க்கரை இருக்கிறது. கேசரி மேல் நாங்கள் போட்ட பழியில் பாதிதான் நியாயம். ஆனால் இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று, இனிப்பையும் நெய்யையும் நிறுத்தி, வேண்டுமானால் ஊசி போட்டு, நாள் நெருங்குமுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் தைரியம் சொல்கிறார். உன் அம்மா சர்க்கரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள், எனக்குக்கூடக் கருப்புக் காப்பிதான், சர்க்கரையும் கிடையாது.

போன தடவை நேர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். காந்தா வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாள்: "அப்போ கிரகணத்தன்னிக்கு நான் வாசலுக்கு வந்ததுனால இல்லையா, மாமா?"

இல்லையம்மா என்றேன். அழுதாள். அப்புறம்தான் சொன்னாள், அன்று ஆஸ்பத்திரியில் நீயே அவளிடம் அப்படிச் சொன்னாயாம். துக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். அவள் அதை இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள், தேசிகா. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், உருக்காலையில் உலைப் பக்கம் போய் வந்த சூட்டோடு குளிக்காதே. உங்கள் இருவருக்கும், வரப்போகிற சிசுவுக்கும் பெருமாள் பூரண ஆயுசு தரட்டும். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. முதலில் அவளுக்கு எழுது, அவள் மேல் தப்பில்லை என்று உன் கையெழுத்திலேயே எழுது. நான் சொன்னால் அது மாமனார் சொல்கிற சமாதானம்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சந்தானம்